ஓர்க் ஏன் 300 பேர்? பழைய டி அண்ட் டி விதிகளுக்கு அடியில் இருக்கும் போர்மேசை

நீங்கள் கேட்டது இதுதான்: நண்பர்களோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி; ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகி ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறீர்கள். ஆர்வத்தில் 1974-இல் வந்த முதல் பதிப்பை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நடைவேகம் அங்குலத்தில் இருக்கிறது. ஓர்க்குகள் என்ற அரக்கர்கள் எத்தனை பேர் வருவார்கள் என்ற இடத்தில் 30 முதல் 300 என்று போட்டிருக்கிறது. ஒன்பதாம் லெவல் வந்த வீரன் கோட்டை கட்டிக்கொண்டு உட்காருகிறான். பாத்திரத்தின் குணம், பின்கதை பற்றிப் பேச்சே இல்லை. "அது வார்கேமிலிருந்து (மேசைமேல் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு) வந்தது, அதனால்தான் சண்டை தவிர வேறொன்றும் கிடையாது" என்று ஒருவர் சொன்னாராம். அது சரியா என்கிறீர்கள்.

பாதி சரி. வார்கேமிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அட்டையிலேயே அப்படித்தான் இருக்கிறது: தாள், பென்சில், பொம்மைப் படைகளோடு ஆடக்கூடிய, கற்பனை கலந்த இடைக்கால வார்கேம் தொடர்களுக்கான விதிகள். ஆனால் "அதனால் சண்டை மட்டும்" என்ற முடிவுதான் தலைகீழ். வார்கேமிலிருந்து இந்த விளையாட்டுக்கு வந்த பெரிய சொத்து சண்டைக் கணக்கு அல்ல, நடுவர். அடுத்த சொத்து, சண்டை என்றால் ஆள் சாவான், ஆகவே முடிந்தவரை அதில் மாட்டாமல் காரியத்தை முடி என்கிற படைத்தலைவனின் புத்தி. பிற்காலப் பதிப்புகளில் காணாமல் போனவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

நடுவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும். 1780-இல் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு என்று நிறம் கொடுத்து ஒரு போர் விளையாட்டு செய்தார். சுவாரசியமான முயற்சி, ஆனால் இன்னும் சதுரங்கம்தான்: இருவருக்கும் எல்லாம் தெரியும். பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் 1812-இல் அரசர் மூன்றாம் பிரெட்ரிக் வில்ஹெல்முக்காக, நிலப்பரப்பை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மேசை ஒன்றைச் செய்து கொடுத்தார். அவருடைய மகன், ராணுவ அதிகாரி, 1824-இல் அதையே வரைபடத்தின் மேல் ஆடும்படி மாற்றி அச்சிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர்.

இந்த 1824 ஆட்டத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1:8000 அளவில் ஒரு வரைபடம். சிவப்புப் படை, நீலப் படை. தளபதிகள் கட்டைகளை இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. "மூன்றாவது குதிரைப்பிரிவு அந்தப் பாலத்துக்குப் போகட்டும்" என்பதுபோல் உத்தரவை நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு முறை என்பது இரண்டு நிமிடப் போர்க்காலம். அந்த நேரத்தில் குதிரை எவ்வளவு தூரம் போகும் என்று நடுவர் அளக்கிறார், பகடை உருட்டுகிறார், அட்டவணையைப் பார்த்துச் சேதத்தைச் சொல்கிறார். எதிரியின் கண்ணுக்குப் படுகிற கட்டைகளை மட்டும்தான் வரைபடத்தில் வைக்கிறார். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இப்போது உங்கள் மேசையில் ஒருவர் "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன், என்ன கேட்கிறது?" என்று ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டரிடம் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உறவுதான்.

இந்த முறையில் ஒரு தொல்லை இருந்தது: அட்டவணை அதிகம், கணக்கு அதிகம், ஆட்டம் நகராது. 1870-71 போரில் பிரஷ்யா பிரான்ஸை வீழ்த்தியபின் மற்ற நாட்டு ராணுவங்களும் கிரீக்ஸ்ஷ்பீலைத் தேடி எடுத்துக்கொண்டன. ஆனால் பிரஷ்ய அதிகாரிகளே அதைத் தூக்கிச் சுமக்க முடியாமல் தவித்தார்கள். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி விதிகளில் பெரும்பகுதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். கட்டற்ற கிரீக்ஸ்ஷ்பீல் என்பார்கள். "விதிப்புத்தகம் முக்கியமா, நடுவரின் தீர்ப்பு முக்கியமா" என்று இன்றைக்கும் பழைய பாணி ஆட்டக்காரர்கள் மல்லுக்கட்டுகிறார்களே, அந்தச் சண்டைக்கு வயது ஏறக்குறைய 150.

அமெரிக்காவில் இதைப் பின்பற்றி டாட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880-இல் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்று ஒரு நூல் எழுதினார். ராணுவத்துக்கு வெளியே அது மறந்துபோன சரக்கு. 1960-களில் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவ் வெஸலி என்ற இளைஞர் கையில் அது சிக்கியது. செயின்ட் பால், மினியாப்பொலிஸ் இரட்டை நகரத்தில் நெப்போலியன் காலத்துப் பொம்மைப் படைகளை வைத்து ஆடிக்கொண்டிருந்த குழுவில் அவர் ஒருவர். பக்கச்சார்பில்லாத நடுவர் ஒருவர் இருந்தால், விதியில் எழுதியிராத எதையும் ஆட்டக்காரர் முயன்று பார்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இடையில் இங்கிலாந்தில் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடும் விதிகளை வெளியிட்டார். 1958-இல் பால்டிமோரில் சார்லஸ் ராபர்ட்ஸ் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கி, போரைப் பெட்டிக்குள் அடைத்துக் கடையில் விற்றார். பொழுதுபோக்காக வார்கேம் பரவ இவை இரண்டும் முக்கியம். ஆனால் உங்கள் கேள்விக்கு மினசோட்டாதான் தேவை.

1969 வாக்கில் வெஸலி ஒரு பரிசோதனை செய்தார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். இரண்டு பக்கமும் படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. படைத்தலைவர் பாத்திரம் இருவருக்குத்தான் கிடைக்கும். ஆட வந்தவர்களோ நிறைய. அதனால் மற்றவர்களுக்கு ஊருக்குள் இருக்கும் ஆள்களைக் கொடுத்தார்: நகரத் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று. ஒவ்வொருவருக்கும் தனி நோக்கம், தனி ரகசியம். நடுவரான வெஸலியைத் தனியறையில் ஒவ்வொருவராகச் சந்தித்து உத்தரவு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்தது வேறு. காத்திருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி, பேரம் பேசி, ஏமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் சண்டைக்கு நாள் குறித்துவிட்டு வந்து, "எங்களுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லு" என்று நின்றார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸலி அந்த இடத்திலேயே பகடை உருட்டி முடிவு சொன்னார். படைகள் ஊருக்கு வந்தே சேரவில்லை. ஆட்டம் படுதோல்வி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, நண்பர்கள் "அடுத்தது எப்போது?" என்று நச்சரித்தார்கள்.

பின்னால் அவர் தென் அமெரிக்கக் குட்டி நாடு ஒன்றை வைத்து நடத்திய ஆட்டம் இன்னும் பிரபலம். பின்னாளில் 1974 டி அண்ட் டி-யை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவ் ஆர்னசனுக்குப் புரட்சிக்கார மாணவன் பாத்திரம். துண்டறிக்கை விநியோகித்தால் புள்ளி. அவர் தானே தயாரித்த போலி சிஐஏ அட்டையோடு வந்து, தான் உண்மையில் அமெரிக்க உளவாளி என்று மற்றவர்களை நம்பவைத்து, நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டு, போகிற வழியில் துண்டறிக்கைகளை மேலிருந்து கொட்டிவிட்டுப் போனதாக அந்தக் குழுவினர் சொல்வார்கள். பகடை உருட்டி ஜெயிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசியே ஜெயித்தார். 'பாத்திரமாக ஆடுவது' எங்கே என்று பழைய புத்தகத்தில் தேடினீர்களே, அது புத்தகத்துக்கு முன்பே மேசையில் இருந்தது. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெஸலி ராணுவப் பணிக்குப் போன பிறகு, 1971-இல் ஆர்னசன் 'இடைக்கால பிரவுன்ஸ்டைன்' என்று நண்பர்களை அழைத்தார். அதுதான் பிளாக்மூர். ஒரு கோட்டை, சுற்றிலும் சிற்றூர்கள், எல்லையில் எதிரிப் படைகள். கோட்டைக்கு அடியில் சுரங்கங்கள். ஆர்னசனின் திட்டப்படி நிலத்தைக் காப்பதும் படை திரட்டுவதும்தான் மைய ஆட்டம். ஆட்டக்காரர்களோ சுரங்கத்தைவிட்டு வெளியே வரவில்லை. புதையல் ருசி கண்டுவிட்டார்கள். மேலே காவல் இல்லாமல் கோட்டை கைவிட்டுப் போனது. அவர்கள் வேறு ஊருக்குத் துரத்தப்பட்டார்கள். வார்கேம் வார்கேமாக இல்லாமல் போன இடம் எது என்று ஒரு புள்ளியைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். நடுவருக்கும் சுரங்கம் வசதி: நாலு திசையும் திறந்த வெளியில் ஆட்டக்காரர் எங்கே ஓடுவார் என்று தெரியாது, கட்டம் போட்ட தாளில் வரைந்த சுரங்கத்தில் இருப்பதே இரண்டு வழிதான்.

சரி, எண்களுக்கு வருவோம். அவை விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வந்தவை. அங்கே காப்பீட்டு நிறுவன வேலையில் இருந்த, டி அண்ட் டி-யை உருவாக்கிய மற்றவரான கேரி கைகாக்ஸ், 1968 ஆகஸ்டில் ஊர் மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து வார்கேம் ஆட்டக்காரர்களைக் கூட்டினார். இன்று பெரும் திருவிழாவாக நடக்கும் ஜென் கானின் முதல் கூட்டம் அது. அடுத்த ஆண்டு ஆர்னசன் அங்கே வந்து அவருக்கு அறிமுகமானார். 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிகளை வெளியிட்டார்கள். அதில் ஒரு பொம்மை 20 ஆட்களுக்குச் சமம். மேசையில் ஓர் அங்குலம் 10 கெஜம். இதுதான் உங்கள் அங்குலம். 1974 புத்தகம் அதை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியில் அங்குலத்துக்கு 10 கெஜம், சுரங்கத்துக்குள் 10 அடி என்று மாற்றிக்கொண்டது.

செயின்மெயிலின் கடைசியில் கற்பனை உலகுக்கென ஒரு பின்னிணைப்பு உண்டு. அதில் மந்திரவாதி என்பவன் நடமாடும் பீரங்கிப்படை, அவ்வளவுதான். அவன் எறியும் நெருப்புப் பந்து பெரிய கவண்பொறி தாக்கும் பரப்பை எரிக்கும்; மின்னல் கனரக பீரங்கிக் குண்டுபோல் பாயும். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் ஒப்பிட்டிருக்கிறார்கள். 1974-இல் நெருப்புப் பந்தின் வெடிப்பு ஆரம் 2 அங்குலம். சுரங்க அளவில் 20 அடி. உங்கள் ஐந்தாம் பதிப்பை எடுத்து ஃபயர்பால் பக்கத்தைப் பாருங்கள்: 20 அடிதான்.

ஹீரோ விஷயம் இன்னும் அழகு. செயின்மெயிலில் ஹீரோ நான்கு ஆள்களைப் போல் சண்டையிடுவான், சூப்பர்ஹீரோ எட்டு ஆள்களைப் போல். சாதாரணப் படை ஹீரோவைக் கொல்ல வேண்டுமென்றால் ஒரே சமயத்தில் நான்கு கொலைவெட்டு விழ வேண்டும். மூன்று விழுந்தால் கீறல்கூட இல்லை. இப்போது 1974 புத்தகத்தில் சண்டைக்காரனின் படிப் பெயர்களைப் பாருங்கள்: நான்காம் லெவலுக்குப் பெயர் ஹீரோ, எட்டாம் லெவலுக்குப் பெயர் சூப்பர்ஹீரோ. லெவல் என்பது 'இவன் எத்தனை ஆள்' என்ற கணக்குதான். எல்லா ஆயுதமும் ஆறுமுகப் பகடை அளவு சேதம்; ஒரு சாதாரண ஆளின் உயிரும் ஆறுமுகப் பகடை ஒன்று. ஒரு வெட்டுக்கு ஓர் ஆள் என்ற பழைய கணக்கு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. கத்திக்கும் கோடரிக்கும் வெவ்வேறு சேதம் என்பது 1975-இல் வந்த கிரேஹாக் துணைநூலில்தான்.

மாறியது ஒன்றே ஒன்று, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிய ஒன்று. 'ஒரே சமயத்தில் நான்கு' என்பது 'சேர்ந்து நான்கு' ஆனது. வெட்டுகள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், குணமாகும்வரை குறையாது. பிளாக்மூரில் ஆட்டக்காரர்கள் தங்கள் ஆளை ஒரே அடியில் இழக்க விரும்பவில்லை என்றும், அதனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்காகத் தாம் முன்பே எழுதியிருந்த விதிகளிலிருந்து ஹிட் பாயின்ட்டையும் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) ஆர்மர் கிளாஸையும் (கவசத்தின் தரம்) எடுத்துப் போட்டதாகவும் ஆர்னசன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கப்பல் ஒரு குண்டில் மூழ்காது, கொஞ்சம் கொஞ்சமாக உடையும். உங்கள் எல்ஃப் ஒரு ஹிட் பாயின்ட்டோடு முழு வேகத்தில் ஓடுவது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அவனுக்கு அடியில் இருப்பது மனித உடம்பு அல்ல, கப்பல்.

300 ஓர்க்குகளுக்கும் விடை இங்கேயே. அது சுரங்க அறைக்குள் வரும் கூட்டமல்ல, காட்டிலும் மலையிலும் கூடாரம் போட்டிருக்கும் படை. அப்படி ஒரு படையைச் சந்தித்தால் நாலு பேர் வாளை உருவுவதில்லை. ஓடுவார்கள், பேசுவார்கள், அல்லது அடுத்த வருடம் தங்கள் படையோடு திரும்புவார்கள். ஒன்பதாம் லெவலில் கோட்டை கிடைப்பதும் அதற்குத்தான். தனியாளாகத் தொடங்கி, கூலிவீரர்களை வைத்து, கடைசியில் நிலத்துக்குச் சொந்தக்காரனாகி செயின்மெயில் மேசைக்கே திரும்பி வருவதாக இருந்தது இந்த ஆட்டத்தின் பயணம். முதல் பதிப்பு 1000 பிரதிகள், 10 டாலர் விலை. தேவையான பொருள்களின் பட்டியலில் செயின்மெயிலும் இருக்கிறது, காட்டில் வழி தேடுவதற்கென அவலான் ஹில்லின் வேறொரு பலகை ஆட்டமும் இருக்கிறது. அதாவது வாங்குபவர் வார்கேம் ஆட்டக்காரர், மற்றதெல்லாம் அவருக்கே தெரியும் என்று வைத்து எழுதியது. புத்தகம் உங்களுக்குக் குழப்பமாக இருப்பதற்கு முழுக் காரணமும் நீங்கள் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் விளையாட்டுத்தனமானது. பூதங்களுக்குப் பொம்மை கிடைக்காத காலம் அது. ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் விலங்குப் பை ஒன்றைக் கைகாக்ஸ் வாங்கி வந்தார். என்ன விலங்கென்றே சொல்ல முடியாத அந்த உருவங்களிலிருந்துதான் இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும், ஆந்தைக்கரடியும் பிறந்தன.

"சண்டை மட்டும்தானா?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1981-இல் டாம் மோல்ட்வே திருத்திய பேசிக் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதிகளில் மிகத் தெளிவாக எழுதப்பட்டது அதுதான் என்பது என் கட்சி. முதல் லெவல் ஆள்கள் ஐந்து பேர், ஒரு தீப்பந்தம். ஒரு முறை என்பது 10 நிமிடம். பந்தம் ஆறு முறை எரியும். இரண்டு முறைக்கு ஒரு தடவை நடுவர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் வருகிறது. வந்தது எட்டு கோப்ளின்கள், அதாவது குட்டி அரக்கர்கள், என்று வையுங்கள். உடனே சண்டை கிடையாது. இரண்டு பகடை உருட்டி அவற்றின் மனநிலையைப் பார்க்க வேண்டும்: 2 வந்தால் பாய்ந்து தாக்கும், 12 வந்தால் நட்பு, நடுவில் வந்தால் தயங்கி நிற்கும். பேச்சுக்கு இடம் இருக்கிறது. பேச்சு முறிந்து சண்டை வந்தாலும், ஒரு கோப்ளின் செத்ததும் நடுவர் மனவுறுதியைச் சோதிப்பார். கோப்ளினுக்கு எண் 7. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் மீதி ஏழும் ஓடும் அல்லது சரணடையும். பாதிப் பேர் விழுந்ததும் மறுபடி ஒரு சோதனை. எலும்புக்கூட்டுக்கு எண் 12, அது ஓடவே ஓடாது. அதனால்தான் எலும்புக்கூட்டைப் பார்த்தால் பழைய ஆட்டக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

மனவுறுதிச் சோதனை வார்கேமின் உயிர்நாடி. நிஜப் போரில் கடைசி ஆள் சாகும்வரை நிற்கும் படை அபூர்வம் என்று பொம்மைப் படை ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பந்தக் கணக்கு, சுமைக் கணக்கு, கூலிக்காரர்களின் சம்பளம் எல்லாம் படைத் தளவாடக் கணக்கின் மிச்சம். அனுபவப் புள்ளியில் பெரும்பகுதி கொண்டுவந்த தங்கத்துக்குத்தான், கொன்றதற்கு மிகக் கொஞ்சம். கோப்ளினை ஏமாற்றி அதன் பணப்பெட்டியை எடுத்து வந்தால் கொன்றதைவிட லாபம். இந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்த பிறகுதான் சண்டை இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டது. வார்கேம் அம்சம் கூடியதால் அல்ல, குறைந்ததால்.

எல்லாமே போர்மேசையிலிருந்து வந்தது என்றும் சொல்லிவிடக் கூடாது. மந்திரத்தை மனப்பாடம் செய்து, பயன்படுத்தியதும் மறந்துபோவது எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கற்பனைக் கதைகளிலிருந்து வந்தது. கூட்டு, துரோகம், கடிதப் பேரம் எல்லாம் 'டிப்ளமசி' பலகை ஆட்டத்தில் ஏற்கெனவே பழகியிருந்தவை. லேக் ஜெனீவாவிலும் மினசோட்டாவிலும் அதை விழுந்து விழுந்து ஆடினார்கள்.

அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிகள் 2006-இல் ஓஸ்ரிக் என்ற விதிநூல் வந்ததிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசன்ஷியல்ஸ், நான் மேலே சொன்ன 1981 விதிகளையே தேடி எடுக்க வசதியாக அடுக்கிக் கொடுக்கிறது. 1974 பெட்டியோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அதை ஒரு தடவை ஆடிப் பாருங்கள். அதுகூட வேண்டாம் என்றால், இப்போது ஆடும் ஐந்தாம் பதிப்பிலேயே மனநிலைப் பகடையையும் மனவுறுதிப் பகடையையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரக்கர்களுக்கு எண் வேண்டுமே என்றால், கோழைக்கு 6, சாதாரணப் படைக்கு 8, வெறிபிடித்ததற்கு 10 என்று போட்டால் போதும். ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் எதிரி ஓடும்போது துரத்திக்கொண்டு போய் அடுத்த அறையில் இருப்பதையும் எழுப்பிவிடுவார்கள்.